நான் வெயிலில் காயவிட்ட கார்

தம்பி,

நலம் விசாரித்துவிட்டு எழுதத் தொடங்குவதுதான் முறை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பத்து நிமிடம் பேசினோம். நீ நன்றாக இருப்பது எனக்குத் தெரியும். நாங்கள் நன்றாக இருப்பதாக நான் சொன்னதையும் நீ நம்பிவிட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இல்லாவிட்டால் மழை, மிளகு விலை, அம்மாவின் முழங்கால் வலி என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுவிடுவேன். என் சுபாவம் எனக்குத் தெரியும்.

மறுபடியும் ஒரு கார் வாங்கியிருப்பதாக நீ சொன்னாய். மறுபடியும் கறுப்பு. அடுத்தவர் வண்டியை ஓட்டிக்கொண்டு கொழும்பில் கிடந்தது போதும், அடுத்த மாதம் வீட்டோடு வந்துவிடுகிறேன், நம்ம ஊர் நாலந்தாவிலிருந்தே ஹயர் ஓடப்போகிறேன் என்றாய். கேட்டதும் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. அம்மா சாமிப் படத்தின் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். காது மந்தமாகிவிட்டதால் இப்போதெல்லாம் போனை சத்தமாக வைத்துத்தான் பேசுகிறேன் என்பது உனக்குத் தெரியாது. உன் குரல் வீடு முழுக்கக் கேட்டது. சுகந்தி மேசையருகே உட்கார்ந்து போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நீ சொன்னாய்.

“பைக்க புதுசு மாதிரி வச்சிருக்கீங்கல்ல அப்பா, அதே மாதிரி காரையும் நீங்களே கழுவுங்க. அவள மட்டும் கிட்ட விட்றாதீங்க.”

நீ சிரித்தாய். இங்கே அம்மாவும் சிரித்தாள். சுகந்தி தலையைத் தூக்கவில்லை, நறுக்குவதையும் நிறுத்தவில்லை. நான் “சரி தம்பி” என்றேன். அந்த ‘சரி’ ஒரு வாரமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதை எடுக்கத்தான் இந்தக் கடிதம்.

முதலிலேயே எழுதிவிடுகிறேன். உன் பழைய காரைக் கெடுத்தது சுகந்தி இல்லை. நான். தண்ணீரால் கெடுத்ததும் நான், தூளைப் போட்டுத் தேய்த்ததும் நான். இரண்டு வருடமாக உன் மனைவி என் பழியைச் சுமந்துகொண்டு இந்த வீட்டில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இடையில் கோபம் வந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பிறகு வாசி. ஆனால் முழுவதும் வாசி.

இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் துரையின் காரை ஓட்டியவன் நான். ஓட்டியதைவிடக் கழுவியதைப் பற்றித்தான் உன்னிடம் அதிகம் பீற்றிக்கொண்டிருப்பேன். அங்கே பங்களாவுக்குப் பின்னால் பீலித் தண்ணீர் இரவு பகலாக ஊற்றும். மலையிலிருந்து நேராக வருகிற தண்ணீர். சோப்புப் போட்டால் நுரை பொங்கும், கையில் ஒரு பிசுக்கும் இருக்காது. கழுவி முடித்ததும் காரை எங்கே வெயில் விழுகிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்துவோம். மேலே வெயில் என்பது காத்திருந்து பிடிக்க வேண்டிய சாமான். பத்து மணிக்கு மூடுபனி விலகும், பதினொன்றரைக்கு மறுபடி இறங்கிவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் காரைக் காய வைத்து எடுப்பதுதான் கெட்டிக்கார டிரைவரின் வேலை. துணியால் துடைப்பவனை நாங்கள் மதிக்க மாட்டோம். துடைத்தால் கீறும், வெயிலில் காய்ந்தால் கண்ணாடியாக நிற்கும் என்பது எங்கள் எண்ணம். அந்தத் தண்ணீருக்கு அது சரியாகத்தான் இருந்தது.

வேலையை விட்டு நாங்கள் நாலந்தாவுக்கு இறங்கி வந்தபோது என்னோடு வந்தது அந்த எண்ணமும்தான். இங்கே கிணற்றுத் தண்ணீர் வேறு ஜாதி. பாறையில் இருக்கிற சுண்ணாம்பையெல்லாம் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் கொதிக்கிற கேத்தலின் உள்ளே மூன்று மாதத்தில் வெள்ளை ஓடு கட்டிவிடுகிறது. சோப்பு நுரைக்காமல் தயிராகத் திரிகிறது. குடிக்க பில்டர் தண்ணீரைக் கேனில் நிரப்பி வருகிறோம், மற்றதற்குக் குழாய்க் கிணறு. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். நாவுக்குத் தெரிந்தது, கேத்தலைச் சுரண்டிய கைக்கும் தெரிந்தது. கார் கழுவுகிறவனின் தலைக்கு மட்டும் ஏறவில்லை. ஏனென்றால் அந்த இடத்தில் ஏற்கனவே முப்பது வருடத்துப் பெருமை உட்கார்ந்திருந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும், கல்யாணமாகி ஐந்தாவது மாதம் காய்ச்சலில் ஒன்பது நாள் படுத்தாய். அம்மா அந்த வாரம் சித்தி வீட்டுக் காரியத்துக்கு இரத்தோட்டை போயிருந்தாள். வீட்டில் நீ, சுகந்தி, நான். நீ எழுந்ததும் நேராக ஹோட்டலுக்குப் போக வேண்டும், வெள்ளைக்காரர்களை ஏற்றுகிற வண்டி என்பதால் அவர்கள் காரின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று காய்ச்சலிலும் புலம்பினாய். நான்தான் உன் நெற்றியைத் தொட்டு, கவலைப்படாதே, எழுந்து வரும்போது உன் கார் மாப்பிள்ளை மாதிரி நிற்கும் என்று சொன்னேன். சொன்னபடியே தினமும் கழுவினேன். ஓடாத வண்டியை எதற்குத் தினமும் கழுவ வேண்டும்? மகன் படுத்திருக்கிறான், எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. உனக்குக் கஞ்சி வைக்க எனக்குத் தெரியாது, நெற்றிக்குத் துணி போட்டால் படுக்கையெல்லாம் நனைத்துவிடுவேன். தெரிந்தது இது ஒன்றுதான்.

முற்றத்தில் பலா மர நிழல் இருந்தும் காரை நிழலிலிருந்து வெளியே தள்ளி, பத்தரை மணி வெயிலில் நிறுத்தி, குழாய்க் கிணற்று ஹோஸைப் பிடித்தேன். பொனட் கைவைக்க முடியாமல் சுட்டது. தண்ணீர் பட்டதும் ஆவி எழும்பியது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம், சீக்கிரம் காயும் என்று. இரண்டாவது நாள் சுகந்தி கஞ்சிக் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“மாமா, இந்தத் தண்ணிய வெயில்ல காய விடாதீங்க, வெள்ளையா புடிச்சிக்கும். எங்க வீட்டுல கண்ணாடி கிளாஸ கூட கழுவுன கையோட தொடச்சிருவோம்.”

இதே நாலந்தாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. இந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவி, தலை கழுவி, பள்ளிக்கூடச் சட்டை தோய்த்து வளர்ந்தவள். அவள் சொல்வதை நின்று கேட்க எனக்கு அரை நிமிடம் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். முப்பது வருடம் துரை கார் கழுவியவனுக்குக் கிளாஸ் கழுவிக் காட்டுகிறாயா என்று கேட்டேன். அவள் கஞ்சி ஆறிவிடும் என்று உள்ளே போனாள்.

நாலாம் நாள் பொனட்டில் புள்ளி தெரிந்தது. தண்ணீர்த் துளி எங்கெங்கே நின்று காய்ந்ததோ அங்கெல்லாம் ஒரு வெள்ளை வளையம். நான் அதைத் தூசி என்று நினைத்து, இன்னும் அதிகமாகத் தண்ணீர் அடித்தேன். வளையத்தின் மேல் வளையம் விழுந்தது. எட்டாம் நாள் வெயில் சாய்ந்த நேரத்தில் பார்த்தால் கார் முழுக்க அம்மை போட்டது போல இருந்தது. சோப்பில் போகவில்லை. நகத்தால் சுரண்டினால் நகம் வழுக்கியது. மறுநாள் நீ மருந்துக்கடை டாக்டரிடம் கடைசித் தடவை காட்டிவிட்டு வர ஓட்டோவில் போனாய். அதற்கு அடுத்த நாள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். குசினிக்குள் போய், பாத்திரம் தேய்க்கிற தூள் டின்னை எடுத்து வந்தேன்.

தேய்த்தேன். புள்ளி போனது. அதைப் பார்த்துச் சந்தோஷத்தில் பொனட் முழுக்கத் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, புள்ளியோடு மினுமினுப்பும் போய்விட்டது. வட்ட வட்டமாக, என் கை சுற்றின சுற்றெல்லாம் கீறலாக, ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சாம்பல். சத்தம் கேட்டு வந்த சுகந்தி பதறிப்போய் டின்னை என் கையிலிருந்து வாங்கினாள். வாங்கினாள் என்ன, பிடுங்கினாள். பிறகு குடிக்கிற பில்டர் தண்ணீர்க் கேனையே கொண்டு வந்து ஊற்றி, தன் பழைய சேலைத் துணியால் கதவு இடுக்கிலும் கண்ணாடி ரப்பரிலும் ஒட்டியிருந்த தூளைத் துடைக்கத் தொடங்கினாள். நான் போய் வாசல் கதிரையில் உட்கார்ந்துகொண்டேன்.

ஓட்டோவிலிருந்து நீ இறங்கியபோது பார்த்தது இதைத்தான். அப்பா கதிரையில். மனைவி காருக்குப் பக்கத்தில், கை முழுக்கத் தூள், காலடியில் டின். யார் இதைப் போட்டுத் தேய்த்தது என்று கேட்டாய். கேட்டது எங்கள் இருவரையும்தான், ஆனால் பார்த்தது அவளை. அவள் என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பார்வையை இன்றைக்கும் சொல்ல முடியும், அதில் கோபம் இல்லை, பயம் இல்லை, நான் பேசுவதற்காகக் காத்திருந்தாள், அவ்வளவுதான். நான் வாய் திறந்தேன். திறந்து சொன்னது இது.

“சின்ன புள்ள, தெரியாம செஞ்சிருச்சி. விடு தம்பி.”

தம்பி, நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கோழை என்று என்னை நானே திட்டிவிட்டுப் போயிருப்பேன். பொய் சொல்லியிருந்தால் பொய்யன். ஆனால் நான் செய்ததற்கு என்ன பெயர்? நான் செய்த தப்புக்கு அவளை மன்னித்தேன். பெரிய மனதுக்காரனாக, உன் முன்னால் அவளுக்குப் பரிந்து பேசுகிறவனாக நின்றேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, குனிந்து மறுபடி துடைக்கத் தொடங்கினாள். நீ அவளைத் திட்டிய திட்டெல்லாம் என் காதுக்குள் இருக்கிறது, அப்போது காது நன்றாகக் கேட்டது. அப்பா பரிந்து பேசியதால் தப்பித்தாய் என்றும் அவளிடம் சொன்னாய். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஹோட்டல்காரர் பொனட்டைப் பார்த்துவிட்டு, பெயின்ட் அடித்துக்கொண்டு வா, அதுவரைக்கும் வேறு ஆள் ஓடட்டும் என்றார். நீ பெயின்ட் அடித்து வருவதற்குள் அந்த வேறு ஆளே நிரந்தரமாகிவிட்டான். காரை விற்றாய். கொழும்புக்குப் போனாய். புதிதாகக் கல்யாணமானவர்கள், மாதத்தில் இரண்டு நாள் முகம் பார்த்துக்கொண்டீர்கள். வீட்டுக்குத் திரும்பி வந்த அம்மாவிடம் நீயே கதையைச் சொன்னாய். அன்றிலிருந்து அவள் அந்தத் தூள் டின்னை அலமாரிக்கு மேலே வைத்து, தன் கையால் சுகந்திக்கு ஒரு கரண்டி எடுத்துக் கொடுப்பாள். சண்டையாக இல்லை, வேடிக்கையாகத்தான். வேடிக்கையாகவே எழுநூறு நாள்.

சுகந்தியின் அண்ணன் கல்யாணம் மாத்தளையில் நடந்ததே, அந்த மண்டபத்தில் சாப்பாட்டு மேசையில் நீ சொன்ன பகிடி ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டில் காருக்கும் கறிச்சட்டிக்கும் ஒரே தூள்தான் என்றாய். மேசையே சிரித்தது. அவளுடைய அப்பாவும் முதலில் சிரித்தார், பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். சுகந்தி பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தாள். புன்னகையோடுதான் பரிமாறினாள். நானும் சிரித்தேன் தம்பி. எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று யோசித்து, யோசித்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் முகத்தையே பிடிக்கவில்லை. சவரம் செய்யக் கண்ணாடி முன் நிற்கும்போது கன்னத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

நீ சின்னவனாக இருந்தபோது ஒரு கதையை உனக்கு நூறு தரமாவது சொல்லியிருப்பேன். மதகுச் சுவரில் துரையின் காரை உரசிவிட்டு, அன்றைக்கே அவர் முன்னால் போய் நின்று, நான்தான் உரசினேன் ஐயா என்று சொன்ன கதை. உண்மையைச் சொல்ல நெஞ்சில் தைரியம் வேண்டும் என்று முடிப்பேன். நீயும் நம்பினாய், நானும் நம்பினேன். இப்போது யோசித்தால் அது தைரியம் இல்லை. யாராவது பார்த்துச் சொல்லிவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம். துரையிடம் உண்மையைச் சொன்னேன், ஏனென்றால் அவரால் என்னை ஏதாவது செய்ய முடியும். சுகந்தியால் என்னை ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் அவள் தலையில் போட்டேன். அறுபத்தெட்டு வயதில் என்னைப் பற்றி நான் கண்டுபிடித்தது இதுதான்.

போன ஞாயிறு நீ போனை வைத்த பிறகு அம்மா கோயிலுக்குப் போனாள். நான் மேசைக்குப் போய் சுகந்திக்கு எதிரில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்ததோ, அன்றைக்கே ஏன் நீ சொல்லவில்லை என்ற கேள்வி. பார், அப்போதுகூடக் குற்றத்தை அவள் பக்கமாகத்தான் தள்ளினேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு நின்னேன் மாமா. அப்புறம் நாள் போயிருச்சி. பொறகு நான் வாயத் தொறந்தா, தப்பிக்கிறதுக்கு ஒங்க மேல போடுறேன்னுதானே அவரு நெனப்பாரு.”

அப்படித்தான் நினைத்திருப்பாய், இல்லையா? நானும் உன்னை அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். அப்பா சொன்னால் அது கல்வெட்டு. அவளுக்கு முன்னால் நான் அழுதேன். அவள் எழுந்து அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, சாப்பிட வாங்க மாமா என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதை அவள் சொல்லாதது எனக்கு நல்லதாகத்தான் பட்டது.

இனிப் புதுக் கார் வரப்போகிறது. இந்தத் தண்ணீர் மாறப்போவதில்லை. ஆகவே இந்த ஊரில் ஒரு கறுப்புக் காரை எப்படிக் கழுவுவது என்று எழுதுகிறேன். இதில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை, எல்லாம் சுகந்தியுடையது. முதலாவது, வெயிலில் கழுவாதே. விடியக்காலையில் கழுவு, இல்லாவிட்டால் வெயில் சாய்ந்த பிறகு பலா மரத்துக்குக் கீழே. ஓடி வந்த சூட்டோடு தண்ணீரைக் காட்டாதே. பொனட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, வைத்த கை சுடாமல் இருந்தால்தான் ஹோஸைத் தொட வேண்டும். முழுக் காரையும் ஒரேயடியாகச் சோப்புப் பூசிவிட்டு நிற்கக் கூடாது. கூரை, பிறகு ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று துண்டு துண்டாகக் கழுவி, ஒரு பக்கம் கழுவுகிறபோது முடித்த பக்கமும் காய்ந்துவிடாமல் நனைத்துக்கொண்டே வர வேண்டும். காயவிட்டால்தான் சுண்ணாம்புக்கு வேலை.

கடைசித் தண்ணீர்தான் முக்கியம். கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு வேண்டுமானாலும் கழுவு, ஆனால் கடைசியாகக் காரின் மேல் நிற்கிற தண்ணீர் கிணற்றுத் தண்ணீராக இருக்கக் கூடாது. கூரைப் பீலியிலிருந்து பீப்பாயில் விழுகிற மழைத் தண்ணீரை மெல்லிய துணியில் வடித்து இரண்டு வாளி எடுத்துக்கொள். மழையில்லாத மாதத்தில் பில்டர் தண்ணீர் ஒரு கேன் போதும். அதை விசிறியடிக்காமல், மேலிருந்து மெதுவாக வழியவிட வேண்டும். வழிகிற தண்ணீர் தன்னோடு துளிகளையும் இழுத்துக்கொண்டு போய்விடும், துடைக்கிற வேலை பாதியாகும். பிறகு உடனே துடை. இடுப்பில் கட்டுகிற பழைய பருத்திச் சாரம் இருந்தால் நல்லது, தையலை வெட்டி எடுத்துவிட வேண்டும். ஒன்று ஈரத்தை உறிஞ்ச, இன்னொன்று காய்ந்த துணி, கடைசியாக ஒற்றி எடுக்க. தேய்க்கவே கூடாது.

துடைத்து முடித்தேன் என்று நினைக்கும்போதுதான் கண்ணாடி மூலையிலும் கதவுக் கைப்பிடிக்குள்ளும் நம்பர் தகட்டுக்குப் பின்னாலும் ஒளிந்திருந்த தண்ணீர் மெல்ல வடிந்து கோடு போடும். நாலு கதவையும் திறந்து மூடி, ரோட்டில் ஒரு சின்னச் சுற்றுப் போய் வந்து, வடிந்ததை இன்னொரு தடவை துடைக்க வேண்டும். எல்லாம் செய்தும் எங்காவது ஒரு வளையம் விழுந்துவிட்டால், பயந்து தூளைத் தேடாதே. ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினாகிரியில் பாதிக்குப் பாதி பில்டர் தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, அந்த இடத்தில் ஒரு நிமிடம் போட்டு வைத்தால் சுண்ணாம்பு இளகிவிடும். நிழலில் மட்டும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவி மெழுகு பூசு. அன்றைக்கு என் எட்டு நாள் புள்ளியும் ஒரு போத்தல் வினாகிரியில் போயிருக்கும் தம்பி. அதையும் அவள் எட்டாம் நாள் சாயங்காலமே சொல்ல வந்தாள். உள்ளே போ என்று நான் சொல்லிவிட்டேன்.

இதையெல்லாம் நான் எங்கே பார்த்துக் கற்றேன் என்று நீ கேட்பாய். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பக்கங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. நீ கொழும்புக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன கறுப்பு பைக்கை ஒரு தடவைகூட நான் கழுவவில்லை. கார் சம்பவத்துக்குப் பிறகு ஹோஸைத் தொட எனக்குக் கூசியது. இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும், ஆறு மணிக்கு, அம்மா கோயிலில் இருக்கிற, நீ லீவில் வந்தாலும் தூங்குகிற நேரத்தில், அந்த பைக்கைக் கழுவுகிறது சுகந்திதான். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். மழைத் தண்ணீர் வாளி, உன் பழைய சாரம், இரண்டு துணி, எல்லாம் அங்கே பார்த்ததுதான். வண்டியைக் கெடுத்தவள் என்று நீ சொல்கிறாயே, அவள் உன் பைக்கில் ஒரு வெள்ளைப் புள்ளி விழவிட்டதில்லை.

முதல் தடவை லீவில் வந்தபோது நீ அந்த டேங்கைத் தடவிப் பார்த்து, அப்பா கை அப்பா கைதான் என்றாய். சுகந்தி உனக்குப் பின்னால் தேத்தண்ணீரோடு நின்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. நான் அந்தத் தேத்தண்ணீரை வாங்கிக் குடித்தேன். அதற்குப் பிறகும் அவள் சனிக்கிழமை தவறாமல் கழுவினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. உன் வண்டி என்பதால்தான் என்று நினைக்கிறேன்.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரிக்கு மேலிருந்த தூள் டின்னை எடுத்து, சுகந்தியின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். முழங்கால் வலிக்காரி, நான் பிடிக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டாள்.

கார் வந்ததும் மாத்தளை அம்மன் கோயிலில் பூசை வைக்க வேண்டும் என்றாய். வை. சம்பந்தியையும் சுகந்தியின் அண்ணனையும் கூப்பிடு, அந்தக் கல்யாண மேசையில் சிரித்தவர்கள் எத்தனை பேர் வர முடியுமோ அத்தனை பேரையும் கூப்பிடு. தேங்காய் உடைக்கிறதுக்கு முன்னால் நான் அவர்களிடம் பேச வேண்டும். அந்த நேரத்தில் என் நாக்கு மறுபடி வேறு எதையாவது சொல்லிவிடும் என்று எனக்கே பயம், அதனால்தான் எல்லாவற்றையும் முன்கூட்டியே உன் கையில் எழுதித் தருகிறேன். நான் மழுப்பினால் இந்தக் கடிதத்தை எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசி. ஆனால் பூசை வரைக்கும் நீ காத்திருக்காதே. இதை வாசித்து முடித்த கையோடு அவளுக்கு போன் எடு. எனக்காக அவளிடம் எதுவும் பேசாதே. நீ பேச வேண்டியது உனக்கே நிறைய இருக்கும்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் பழக்கத்தில் சாவியை என்னிடம் நீட்டாதே. பீப்பாயிலிருந்து மழைத் தண்ணீரை மொண்டு, வடித்து, இரண்டு வாளியும் நான் கொண்டு வந்து பலா மரத்தடியில் வைக்கிறேன். கழுவட்டும் அவள். நான் பக்கத்தில் நிற்கிறேன். துடைக்க ஒரு துணி அவளாகக் கொடுத்தால், வாங்கிக்கொள்கிறேன்.

உன் அப்பா